அந்து விழுந்த விதைநெல்

1

செந்தூலில் மழை இல்லாத சாயங்காலம் அபூர்வம். மலாய் நாட்டில், கோலாலம்பூரை ஒட்டி, ரயில் பட்டறைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருக்கும் பலகை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் பிட்டர் வேலை. மகள் சரோஜாவுக்குப் பன்னிரண்டு வயது. மகன் மணிக்கு எட்டு. இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அங்கே என்ன விசேஷம் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். விசேஷம் ஒன்றுமில்லை. விடிந்தால் இங்கேயும் அடுப்பு மூட்டி உலை வைக்க வேண்டும். ஈரம்தான் அதிகம். ஜாடியில் உப்பு தண்ணீராகிவிடுகிறது. இரண்டு நாள் போடாமல் வைத்த செருப்பில் பூஞ்சை பிடிக்கிறது. வருகிற வருஷமாவது இது பழகிவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்கிறேன்.

சித்திரை மாதம், பட்டறையில் வேலை செய்கிற, சென்னப்பட்டணத்தை அடுத்த பாடியைச் சேர்ந்த ஒருவர் லீவு முடிந்து திரும்பினார். அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் என் புகுந்த வீட்டிலிருந்து ஒரு டின் கேழ்வரகு மாவு கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தனுப்பியவள் என் ஓரகத்தி கன்னியம்மா, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. துணி சுற்றி, மெழுகு வைத்து அடைத்து அனுப்பியிருந்தாள். நான் பிரித்து இரண்டு தடவை கூழ் காய்ச்சினேன். அப்புறம் மூன்று வாரம் அதை மறந்தே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, களி கிண்டலாம் என்று டின்னை எடுத்தேன். மூடியைத் தூக்கியதும் சாம்பல் நிறத்தில் பத்துப் பதினைந்து பூச்சிகள் என் முகத்தில் இடித்துக்கொண்டு பறந்தன. உள்ளே மாவு நூல் கோத்து, உருண்டை உருண்டையாகக் கட்டியிருந்தது. என்னையறியாமல் "அந்து, அந்து" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டில் மினா என்று ஒரு மலாய்க்கார அம்மாள் இருக்கிறார். நம் ஊரில் சின்னம்மா என்கிற மாதிரி 'மக்சிக்' என்று அவரைக் கூப்பிடுவோம். அவர் கை நிறைய உப்போடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அடுப்படியின் நான்கு மூலையிலும் உப்பை இறைத்துவிட்டு வாய்க்குள் என்னமோ ஓதினார். நான் விழித்துக்கொண்டு நின்றேன். சரோஜா சுவரில் சாய்ந்தபடி சிரித்தாள்.

"அம்மா, அவங்க பாஷையில ஹந்துன்னா பேய். பேய் வந்துட்டுதுன்னு நீ கத்திகினு கீறே."

பிறகு அவளே மக்சிக்குக்கு விளக்கிச் சொன்னாள். மக்சிக் பூச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். இது தன் வீட்டு அரிசியிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் தலை துவட்டிக்கொண்டே வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி கை பட்டதாச்சே. பூச்சி வராம இன்னா செய்யும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். யாரையும் மனதறிந்து நோகடிக்கிறவர் அல்ல. அவர் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்த பேச்சு அது. கேட்டுக் கேட்டு அவர் நாக்கிலும் தங்கிவிட்டது. கப்பலேறி இந்தக் கரைக்கும் வந்துவிட்டது.

சரோஜா சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெரியம்மா கைக்கு இன்னாப்பா?" என்று கேட்டாள்.

"அது பழைய கதை" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நான் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மாவை முறத்தில் கொட்டினேன். மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்தவள் நான். கன்னியம்மா மேல் இப்போதும் தப்பில்லை, அப்போதும் தப்பில்லை. அது இந்த உலகத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

2

அன்று மத்தியானம் வரைக்கும் பின்கட்டில் உட்கார்ந்து மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பேச்சே வேறு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய். வீட்டுக்கு வரும்போது தமிழுக்குக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது. மணி தண்ணீரை 'ஆயர்' என்றுதான் கேட்பான். ஒரு தடவை, "அம்மா, மேனாம்பேடு எந்த ஸ்டேஷனுக்கு அப்பால கீது, ஈப்போவுக்கு அப்பாலயா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த ரயில் பாதை அவ்வளவுதான். அதற்கு அவனைக் கோபித்து என்ன பயன்?

என் பெயரே இங்கே வந்து மாறிவிட்டது. சென்னப்பட்டணத்தில் பிரயாணக் காகிதம் எழுதின குமாஸ்தா தனம் என்ற பெயரை இங்கிலீஷில் ஏதோ ஒரு விதமாக எழுதினார். பினாங்கில் இறங்கி, அம்மை குத்தின தழும்பைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, 'டானம், டானம்' என்று ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரையோ என்று நானும் நின்றேன். வரிசையே என்னைத் தாண்டிப் போய்விட்டது. மாற்றித் தரும்படி பிற்பாடு மூன்று ஆபீஸுக்கு நடந்தேன். பெயரை மாற்ற வேண்டுமானால் நான்தான் தனம் என்று ஊரிலிருந்து யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் நான் டானம்தான்.

நாங்கள் மலாய் நாட்டுக்குப் போகிறோம் என்றதும் என் மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆவடிப் பக்கம், ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிற கூலியாட்கள் கப்பலுக்காகக் காத்திருக்கும் முகாம் ஒன்று உண்டு. குழந்தை குட்டியோடு, கழுத்தில் நம்பர் தகடு தொங்க, அவர்கள் சாரிசாரியாகப் போவதை அத்தை பார்த்திருக்கிறார். தன் மகனும் அப்படித்தான் போகிறான் என்று நினைத்துவிட்டார். "உன் மகனுக்குத் தொழில் தெரியும் அத்தை, அவரு டிக்கெட்டு வாங்கிகினு போறாரு" என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரைத் தேற்றிச் சோறு ஊட்டியவள் கன்னியம்மாதான். சரோஜா அப்போது பத்து மாதக் குழந்தை. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஊரை விட்டுப் போவதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

3

என் பிறந்த ஊர் பூவிருந்தவல்லி. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தேன். நைனா மாட்டுவண்டி வைத்திருந்தார். வயல் வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னைக் கொடுத்த மேனாம்பேட்டு வீட்டில் ஏரிப் பாசனத்தில் சம்பா நெல். மாமனார் இல்லை. மூத்தவர், அதாவது கன்னியம்மாவின் வீட்டுக்காரர், பயிர் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெரம்பூர்ப் பட்டறைக்கு ரயிலில் போய் வந்தார். வீட்டுக்குள் அத்தை வைத்ததுதான் சட்டம்.

ஆனால் நெற்குதிர் கன்னியம்மா பொறுப்பு. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குதிர்கள் மூன்று இருந்தன. அவற்றில் சின்னது விதைநெல்லுக்கு. எந்தக் குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தட்டிப் பார்த்தே சொல்லுவாள். நொச்சி இலையும் வேப்பிலையும் அடுக்கடுக்காகப் போட்டு நெல் கொட்டுவாள். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து குதிரடிக்குப் போய்விடுவாள். எனக்கு எல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். புதுப்பெண் என்று ஒரு நாளும் அதட்டியதில்லை.

மாசி மாதம் விதைநெல் காயப்போட்டோம். விதைக்கு மூன்று முழு வெயில் வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடிக்க வேண்டும். சடக்கென்று உடைந்தால் சரி. மசிந்தால் இன்னொரு வெயில் போட வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம், மண்ணூர்பேட்டையில் ஒரு சாவு என்று ஆள் வந்தது. கன்னியம்மாவின் தாய்மாமன். அத்தையும் மூத்தவரும் அவளோடு கிளம்பினார்கள். களத்தில் என்னை வைத்துவிட்டுப் போனாள்.

"தனம், மேகம் கூடுச்சுன்னா வாரிக் குவிச்சி மேல வைக்கோலைப் போட்டுடு. வேற ஒண்ணியும் செய்ய வேணாம். பயந்துகாதே" என்றாள்.

எனக்கு அப்போது இரண்டு மாதம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் மயக்கம். களத்து ஓரம் புங்கமர நிழலில் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தது முகத்தில் தண்ணீர் பட்டபோதுதான். மாசியில் மழை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. தூறல்தான், ஆனால் விடாத தூறல். எழுந்து ஓடி வாரினேன். புடவையை விரித்து மூடினேன். அடிநெல் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது.

மறுநாள் பிரித்துக் காயப்போட்டேன். வெயில் மங்கலாகவே இருந்தது. சாயங்காலம் ஒரு நெல்லைக் கடித்தேன். மசிந்தது. இன்னொன்றைக் கடித்தேன். உடைந்தது. இந்த இரண்டாவது நெல்லை நம்புவது என்று முடிவு செய்தேன்.

காரியம் முடிந்து கன்னியம்மா திரும்பி வந்தபோது அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"காஞ்சுதாடி?"

"காஞ்சுதுக்கா."

"அங்க தூத்தல் போட்டுது. இங்க பெய்யலியா?"

"இல்லக்கா. மேகம் அப்படியே தாண்டிப் போயிடுச்சு."

நெல்லைக் குவித்து வாரும்போது அவள் ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை. நான் சொன்னதே போதும் என்று நினைத்தாள். இலை போட்டு, குதிரில் கொட்டி, மேலே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி மூடினாள். நான் பக்கத்தில் நின்று இலை எடுத்துக் கொடுத்தேன்.

4

ஆடி பிறந்து, ஏரியில் தண்ணீர் வந்தது. நாற்றங்கால் உழுதாயிற்று. விதை ஊறவைக்கக் குதிரைத் திறந்தார்கள். மண்பூச்சை உடைக்கும்போதே மூத்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அடுப்பு மாதிரி சூடு வந்தது என்று பிற்பாடு சொன்னார். மூடியை எடுத்ததும் பூச்சிகள் புகை போல எழும்பின. வைக்கோல் நிறத்தில், நெல்லைவிடச் சிறிய பூச்சிகள். கூடம், சமையலறை, திண்ணை எல்லாவற்றிலும் போய் ஒட்டின. ஒரு முறம் நெல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். முக்கால்வாசி மிதந்தது. ஒவ்வொரு நெல்லிலும் ஊசியால் குத்தினது போல ஓர் ஓட்டை; உள்ளே வெறும் உமி.

அத்தை குதிரைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

"இது ஈர நெல்லு. காஞ்சுதுன்னு யாரு சொன்னது?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மாத வயிறு. கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. பிறகு அத்தையிடம் சொன்னாள்.

"நான்தான் அத்தை. எழவு ஊட்லேந்து வந்த அசதி. கடிச்சிப் பாக்காம கொட்டிட்டேன்."

அத்தை அன்றைக்குக் கத்தவில்லை. அடிக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவ கை பட்ட வெதை எங்க மொளைக்கப் போவுது."

அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். கேட்ட எல்லோருக்கும் இரண்டும் புரிந்தது.

மறுநாள் கிணற்றடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, நான் அத்தைகிட்ட சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்வே? வயித்துல புள்ளைய வெச்சிகினு திட்டு வாங்குவியா? அவங்க வாயில ஒரு வார்த்தை வந்துட்டா அது புள்ளை மேல வுழும்." அவள் வாளியை இறக்கினாள். "எனக்கு ஏற்கெனவே ஒரு பேரு கீது. இன்னொண்ணு சேந்தா இன்னா ஆயிடும். நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு."

அவள் ஈரக் கையில் என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில், தப்பித்தோம் என்கிற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை.

பாடியில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து விதை வந்தது. விதைப்பு பிந்தியது, அந்த வருஷம் பதர் அதிகம். ஒரு வருஷத்து விளைச்சல் அதோடு போயிற்று, மறு வருஷம் நன்றாகவே விளைந்தது. அத்தையின் வார்த்தை மட்டும் போகவில்லை. குதிரடி கன்னியம்மா கையைவிட்டுப் போனது. ஊரில் கல்யாணம் என்றால் சுமங்கலிகள் பாலிகைக் கிண்ணத்தில் நவதானியம் தெளிப்பார்கள் அல்லவா, அதற்குக் கூப்பிட வருகிறவர்கள் அவளைத் தாண்டி என்னைக் கூப்பிட்டார்கள். சரோஜா பிறந்து, பூவிருந்தவல்லியிலிருந்து குழந்தையோடு வந்தேன். தொட்டிலில் போடுகிற அன்று, கன்னியம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "நீ அடுப்பைப் பாரு" என்றார் அத்தை. அவள் போய் அடுப்பைப் பார்த்தாள். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இதையெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுச் சொல்லவில்லை. சரோஜா விடாமல் கேட்டாள். "சிரிக்கிற மாதிரி அப்பா சொன்னாரு. நீ ஏன் சிரிக்கலே?" என்றாள். மணி வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். நிறுத்தவில்லை.

முடித்தபோது அவர் தலையைக் குனிந்திருந்தார்.

"நானுந்தானே அதச் சொல்லிகினு இருந்தேன்" என்றார். "காலையில கூடச் சொன்னேனே" என்றார். எழுந்து போய் வாசற்படியில் நின்றார்.

சரோஜா வேறு மாதிரி. அவள் கணக்குப் போடுகிறவள்.

"அப்ப அங்க எல்லாரும் இன்னும் பெரியம்மாதான் செஞ்சாங்கன்னு நெனைச்சிகினு கீறாங்களா?"

"ஆமா."

"நீ ஏன் லெட்டர் எழுதலே?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்டி. பெரியம்மா கையில அடிச்சி."

"அது எனக்காகப் பண்ணதுதானே? நான் வயித்துல இருந்தேன்னுதானே?" என் முகத்தையே பார்த்தாள். "நான்தான் பொறந்துட்டேனே. பன்னெண்டு வயசாயிடுச்சு. இன்னுமா?"

மூன்று பாஷையைக் கலந்து பேசுகிற பெண், எங்கள் வழக்கமெல்லாம் தெரியாமல் போய்விட்டாளே என்று நான் ஏங்காத நாளில்லை. தெரியாததனால்தான் அவளால் இவ்வளவு நேராகக் கேட்க முடிந்தது என்று தோன்றியது.

6

கடிதம் எழுத நாலு நாளாயிற்று. எழுதுவதைவிட, அது எப்படிப் படிக்கப்படும் என்பதுதான் பயமாக இருந்தது. மேனாம்பேட்டு வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார் வந்து உரக்கப் படிப்பார். மலாய் நாட்டுக் கடிதம் என்றால் அண்டை அயலார் நாலு பேர் தானாக வந்து உட்காருவார்கள். ரகசியம் என்று மேலே எழுதினாலும் அதையும் சேர்த்துப் படித்துவிடுவார். கடைசியில், கேட்கட்டும் என்று தோன்றியது. அந்த வார்த்தை ஊர் முழுக்கப் போயிருக்கிறது, இதுவும் போகட்டும்.

அத்தைக்கே எழுதினேன். தூறலை எழுதினேன். மசிந்த நெல்லை எழுதினேன். 'மேகம் தாண்டிப் போயிடுச்சு' என்று சொன்ன பொய்யை எழுதினேன். தொட்டில் போட்ட அன்று பேசாமல் நின்றதையும் எழுதினேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார்.

"தூக்கம் ஏன் வந்துச்சுன்னு எழுதலியே" என்றார்.

"எழுதினா சாக்கு சொல்ற மாதிரி கீது."

"சரி" என்றார். கடைசியில் இரண்டு வரி இடம் இருந்தது. அதில் அவரே எழுதினார்: 'அண்ணிக்கு. தெரியாமல் நானும் அந்த வார்த்தையைச் சொல்லிவந்தேன். மன்னிக்க வேண்டும்.'

தபாலாபீஸில் பதிவுத் தபாலாக அனுப்பக் கேட்டேன். குமாஸ்தா அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். அனுப்புகிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், உறவு என்ன, உள்ளே விலைமதிப்புள்ள பொருள் ஏதாவது இருக்கிறதா. நான் தனம் என்று சொன்னேன். அவர் டானம் என்று எழுதினார். பொருள் எதுவும் இல்லை என்றேன். முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். கப்பல் எந்தக் கிழமை என்று கேட்டேன். சொன்னார்.

அதன் பிறகு இரண்டரை மாதம் பதில் இல்லை. கப்பல் தபால் வருகிற நாளெல்லாம் வாசலிலேயே நிற்பேன். அத்தை இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். சரோஜா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் கேள்வியாக, "வந்துச்சா?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். இதற்கு முன் ஊர்க் கடிதத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

7

ஆவணியில் வந்தது. வாத்தியாரின் குண்டு எழுத்து. முதலில் அத்தை சொல்லி எழுதியது, நாலே வரி.

'உன் கடிதம் படித்துக் கேட்டேன். நீ செய்தது தப்பு. நான் சொன்ன வார்த்தை அதைவிடத் தப்பு. எனக்கு வயசாகிவிட்டது, இனிமேல் யாரிடம் போய் அதைத் திருப்பி வாங்குவேன். பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்.'

அதற்குக் கீழே கன்னியம்மா பேசியிருந்தாள். வாத்தியார் நல்ல மனிதர். அவள் பேச்சைத் திருத்தாமல் அவள் சொன்னபடியே எழுதியிருந்தார். படிக்கும்போது அவள் குரல் அப்படியே காதில் கேட்டது. சரோஜா என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். உரக்கப் படித்தேன்.

'தனம், நல்லா கீறியா. சத்தியத்த ஒடச்சிட்டியேன்னு எனக்கு மொதல்ல கோவம். வாத்தியாரு படிக்கிறப்ப நான் எருமைக்குத் தண்ணி காட்டிகினு இருந்தேன். கூப்ட்டாங்க. வந்து நின்னேன். நாலு பேரு இருந்தாங்க. எல்லாரும் என்னியே பாத்தாங்க. எனக்கு எங்க போய் நிக்கிறதுன்னு தெரியல.

'அத்தை ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு என் கையப் புடிச்சிகினு அழுதாங்க. அவங்க அழுது நான் பாத்ததே இல்ல. மாமனாரு போனப்பகூட அவங்க அழல. எனக்கும் அழுவ வந்துட்டுது. அது நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இந்த வருசம் நாத்தங்கால்ல மொதல் கையி என்னியப் போடச் சொன்னாங்க. போட்டேன். மொளைச்சி நல்லா வந்துகினு கீது. உங்க வீட்டுக்காரரு எழுதுனதையும் கேட்டேன். அவரு மேல எனக்கு ஒண்ணியும் இல்லன்னு சொல்லு.

'ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. எனக்குன்னு புள்ளை இல்ல. யாருக்கும் நான் எதுவும் குடுத்ததில்ல. உன் வயித்துல இருந்த புள்ளைக்குக் குடுத்தது அது ஒண்ணுதான். யாரு இன்னா பேசினாலும், அந்தப் புள்ளை நல்லா கீது, நாம குடுத்தது வீண் போவலன்னு நெனைச்சிப்பேன். அத யாருக்கும் தெரியாம வெச்சிகினு இருந்தேன். இப்ப நீ அத எல்லாருக்கும் முன்னாடி திருப்பி அனுப்பிட்டியே. ஊடு நெறைய எல்லாரும் எனக்கு நல்லவங்களா கீறாங்க. எனக்குத்தான் கை காலியா கீற மாதிரி இருக்குது. சரோஜா எம்மா ஒசரம் வளந்துட்டான்னு எழுது.'

அதோடு கடிதம் முடிந்திருந்தது. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்து எழுதினேன். என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் எழுதினேனோ என்று அப்போது நினைத்தேன். அவள் இழந்த பேர் அவளுக்குத் திரும்பி வந்தது உண்மை. அதற்காக அவளிடமிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொண்டதும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சரோஜா கடிதத்தை என் மடியிலிருந்து எடுத்து, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கே தன் பெயர் இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மாவ நான் பாத்திருக்கேனா?"

"பத்து மாசக் குழந்தையில. நாங்க கெளம்பின அன்னிக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் உன்னைத் தூக்கிகினு வந்தது அவங்கதான். ரயிலு நகர்ற வரைக்கும் குடுக்கல."

அவள் எழுந்து போய்ப் பேனாவும் காகிதமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்றேன். நீ எழுது."

நான் பேனாவை எடுத்தேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். இங்கிலீஷில் எதையோ முணுமுணுத்தாள், வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"பெரியம்மாவுக்கு சரோஜா எழுதறது. அம்மா எதையும் திருப்பி அனுப்பலே. நீங்க குடுத்தது இங்கதான் கீது. நான் அம்மா தோளு ஒசரம் வந்துட்டேன்."

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் காகிதத்தின் நடுவில் எழுதினேன். மழை விட்டதும் இரண்டு பேரும் நடந்து போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தோம்.